அகல டயர்: மூலபாடமும் இடைச்செருகலும்

எம்ஜிபி என்னும் இங்கிலாந்துக் கார் 1962இல் ஆபிங்டன் ஆலையில் பிறந்து 1980இல் அங்கேயே முடிந்தது. இடையில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்து விற்றார்கள். எஞ்சியவற்றை வைத்திருப்போரை இன்றும் இரு கட்சியாகப் பிரித்து நிறுத்துவது அரசியலோ மதமோ அன்று. 165 டயர் போடுவதா, 185 போடுவதா என்னும் 20 மில்லிமீட்டர்ச் சிக்கல். அதை முறைப்படி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். முன்னாய்வுகள் ஏராளம். ஆனால் அவை மதுக்கடை மேசைகளில் வாய்மொழியாகவே வழங்கி வருவதாலும், இரண்டாவது கோப்பைக்குப் பின் பாடம் சிதைந்துவிடுவதாலும் மேற்கோள் காட்ட இயலவில்லை.

முதலில் மூலபாடம். தொடக்க கால வண்டிக்கு ஆலை பொருத்தியது 5.60-14 என்னும் குறுக்கிழை டயர். ரேடியல் காலம் வந்தபின் 155, 165 என்றானது. 1973இல் மூன்றரை லிட்டர் வி8 எஞ்சினை ஜிடி வகையில் ஏற்றியபோது 175 கொடுத்தார்கள். இது முக்கியமான சான்று. எஞ்சினை ஏறத்தாழ இருமடங்காக்கிய ஆலை டயருக்கு மனமுவந்து அளித்தது 10 மில்லிமீட்டர். கஞ்சத்தனமா, ஞானமா என்பதில்தான் கட்சி பிரிகிறது. மூலபாடவாதிகள் ஞானம் என்பர். அகலவாதிகள் கணக்குப்பிள்ளையின் கைவரிசை என்பர்.

அகலவாதிகள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் சூத்திரம் வருமாறு:

185/70 ஆர் 14

இதன் பொருள்: முதற்சீர் மில்லிமீட்டர், இரண்டாவது விழுக்காடு, மூன்றாவது ரேடியல் என்பதன் முதலெழுத்து, ஈற்றுச்சீர் அங்குலம். ஓரடிக்குள் இத்தனை அளவை முறைகளை அடைத்த புலவர் எந்த நாட்டிலும் இல்லை. 70 என்றது எதை எனின், அகலத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு பக்கச்சுவரின் உயரம் என்க. 185க்கு அது 129.5 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இரண்டைக் கூட்டி, ரிம்மின் 355.6ஐயும் சேர்த்தால் மொத்த உயரம் 614.6. பழைய 165க்கு விழுக்காடு எழுதும் வழக்கமில்லை. 80 என்று கொள்ள 619.6 வரும். அகலம் 20 கூடியும் உயரம் 5தான் குறைகிறது. ஆதலால் 185/70ஐப் பாடபேதம் என்று ஏற்கலாம். மூலத்தின் பொருள் கெடவில்லை.

195/60ஐ அப்படி ஏற்க முடியாது. அதன் உயரம் 589.6. சக்கரம் சிறுத்தால் அதே தூரத்துக்கு அதிகம் சுற்ற வேண்டும். ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது வண்டி 95இல்தான் போகும். எஞ்சினைத் தொடாமலே வேகத்தைக் கூட்டும் இந்த வழியில் ஓட்டுநருக்கு மகிழ்ச்சி, சத்தமும் கூடுதல். எனினும் பின்னால் வரும் லாரிக்காரர் இந்தக் கணக்கில் சேராதவர். 195/60 இடைச்செருகலே. மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் இடையில் அதைச் செருகிப் பார்த்தவர்கள் இந்தக் கலைச்சொல்லின் பொருத்தத்தை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

இனிப் பரபக்கம். "அகலம் கூடினால் தரையைத் தொடும் பரப்பு கூடும், பரப்பு கூடினால் பிடிப்பு கூடும்" என்பது அகலவாதிகளின் வாதம். அற்றன்று. 1699இலேயே பிரான்சு நாட்டு கியோம் அமோந்தோன் உராய்வுக்கும் பரப்புக்கும் உறவில்லை என்று சொல்லிவிட்டார். "அவர் காலத்தில் காற்றடித்த டயர் ஏது?" என்று மடக்குவார்கள். மடக்கட்டும், ரப்பர் அந்த விதிக்கு முழுதும் அடங்காது என்பது உண்மைதான். சாலையின் பொடிக்கல் இடுக்குகளில் நெகிழ்ந்து புகுந்து கவ்விக்கொள்ளும் இயல்பு அதற்கு உண்டு. ஆனால் பரப்பு கூடுகிறதா என்பதே இங்கே ஐயம். ஓட்டுநரோடு சேர்த்து வண்டி ஏறக்குறைய 1,000 கிலோ. காற்று 24 பிஎஸ்ஐ, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 1.7 கிலோ. பக்கச்சுவரின் விறைப்பை விட்டுவிட்டால், பாரத்தைத் தாங்க நான்கு டயருக்கும் சேர்த்துத் தேவைப்படுவது ஏறத்தாழ 590 சதுர சென்டிமீட்டர். ஓர் ஏ4 தாளைவிடச் சற்றுக் குறைவு. எந்த அகலத்தில் டயர் போட்டாலும் காற்றை மாற்றாதவரை அந்தத் தாளின் அளவு பெரிதாக மாறாது. முன்பின்னாக நீண்டிருந்த தடம் குறுக்குவாட்டில் நீளும், அவ்வளவே.

ஆயினும் இந்த வடிவ மாற்றம் வெறும் அலங்காரமன்று. குறுகி அகன்ற தடம் வளைவில் ஸ்டியரிங்குக்கு உடனே கட்டுப்படும். அதேபோல், பிடியை விடும்போது சொல்லாமல் விட்டுவிடும். மெல்லிய டயரோ முதலில் நெளியும், பிறகு முனகும், அப்புறம் மரியாதையாக நழுவும். அந்த மரியாதைக்காகத்தான் பழைய கார் வாங்குகிறோம் என்பது என் கட்சி. இது பழமைப் பித்து அன்று. 2012இல் டொயோட்டா தன் ஜிடி86 என்னும் ஸ்போர்ட்ஸ் காருக்குச் சிக்கனக் காரான பிரியஸின் டயரையே வேண்டுமென்று மாட்டியது; குறைந்த வேகத்திலேயே வண்டி நழுவட்டும், ஓட்டுபவர் களிக்கட்டும் என்பது அவர்கள் எண்ணம்.

மழையிலும் மெலிந்ததற்கே வெற்றி. அகன்ற தடம் தண்ணீரைப் பிளந்து ஒதுக்க முடியாமல் அதன்மேல் மிதக்கத் தொடங்கிவிடும். எம்ஜிபி பிறந்த நாட்டின் வானிலையை நினைத்தால் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பிடிப்பு கூடவே செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதனால் வளைவில் கூடும் பாரம் எங்கே போய்ச் சேரும்? கம்பி வீல் உள்ள வண்டியில் கம்பிகளுக்கு. அவை 1960களின் டயரை எண்ணி முறுக்கப்பட்டவை. நாளடைவில் தளர்ந்து கிறீச்சிடும். ரிம் குறுகலாக இருந்தால் அகல டயர் வயிறு பிதுங்கி நிற்கும், பட்டனின் நடுப்பகுதி மட்டும் சாலையைத் தேய்க்கும். வண்டியை நிறுத்த இடம் தேடும் வேளையில் பவர் ஸ்டியரிங் இல்லாத குறையைத் தோள்கள் எடுத்துரைக்கும்.

இரு கட்சியும் படிக்காமல் விடும் கல்வெட்டு ஒன்று டயரின் பக்கச்சுவரிலேயே இருக்கிறது: நான்கு இலக்கம், முதலிரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. 2311 என்றால் 2011ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பழைய கார்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வருவதால் அவற்றின் டயர் தேய்ந்து சாவதில்லை. பட்டன் புதுசுபோல் இருக்க, ரப்பர் இறுகிக் கல்லாகிவிடும். கல்லான 185ஐவிடப் புது 165 எவ்வளவோ மேல். இவ்வுண்மையை உரிமையாளர் கூட்டங்களில் எடுத்துரைத்தால் பேச்சு உடனே பெயிண்ட் நிறத்துக்குத் தாவிவிடும்.

அப்படியானால் அகலம் எதற்கு? வண்டியை நிறுத்திவிட்டுப் பத்தடி நடந்த உரிமையாளர் திரும்பிப் பார்க்கிறாரே, அந்தப் பார்வைக்கு. மட்கார்டுக்குள் டயர் நிறைந்து தெரிந்தால் நெஞ்சு நிறைகிறது. அமோந்தோன் இதற்கு விதி எழுதவில்லை.

இறுதியாகக் களஆய்வு. பின்புற இடைவெளி எல்லா வண்டியிலும் இரு பக்கமும் சமமாக இருப்பதில்லை. ஒரு பக்கம் தாராளமாகப் புகும் டயர் மறுபக்கம் உரசும். மட்கார்டின் உள்விளிம்பை மடித்துவிடுவது ஒரு தீர்வு. பொருத்தியபின் இருவர் ஏறி அமர்ந்து, பள்ளத்தில் இறக்கிப் பார்க்க வேண்டும். ஒருவர் மட்டும் ஏறிச் செய்த சோதனை செல்லாது. ஒருவர் ஏறினால் உரசாமல் இருவர் ஏறினால் உரசும் வண்டிகள் உண்டு. அவற்றில் கழற்ற வேண்டியது டயரையா, துணைவியாரையா என்பதில் அகலவாதிகளிடையே இன்னும் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை.