எங்க நின்னு எடுத்தே?

எண்பதுகளில் மதுரைப் பக்கம் கேமரா வாங்கியவர்கள் யாரும் லென்ஸைத் தேர்ந்தெடுத்து வாங்கியதாக எனக்கு நினைவில்லை; கேமராவோடு எது வந்ததோ அதுதான் வாய்த்தது. எனக்கு வாய்த்தது பென்டாக்ஸ் கே1000, அதோடு ஒரு 50 மி.மீ. லென்ஸ். தெரிந்தவர் மூலமாக பர்மா பஜாரில் வாங்கி, பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். உங்களுக்கு அது யாஷிகாவாகவோ ஜெனித்தாகவோ இருந்திருக்கலாம். அதற்கும் முன்னால், அப்பா பீரோவுக்குள் பூட்டி வைத்திருந்த அக்ஃபா க்ளிக் த்ரீயாகவும் இருந்திருக்கலாம், அதிலே லென்ஸை மாற்றுவது என்ற பேச்சே கிடையாது.

ஒரே லென்ஸோடு வருஷக்கணக்கில் இருந்தவர்களுக்குத் தெரியும், அது கொஞ்ச நாளில் கால்களுக்குள் இறங்கிவிடும். கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் ஓர் ஆளின் முழு உருவத்துக்கு எட்டு ஒன்பது அடி, முகமும் தோளும் போதுமென்றால் மூன்றடி என்று, கண்ணில் வைத்துப் பார்ப்பதற்கு முன்பே கால் அந்த இடத்தில் போய் நின்றுவிடும். மூன்றடி என்பது பேசாமல் நிற்கக்கூடிய தூரம் இல்லை. புதுமண்டபத்தில் தூணோரம் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர்களை எடுக்கப் போனால், எந்த ஊர், யார் மகன், கல்யாணம் ஆயிற்றா என்று மூன்றும் சொல்லி முடித்த பிறகுதான் படம். அதற்குள் அவர் என்னை மறந்து ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்திருப்பார். உதட்டில் ஈரப்படுத்திய நூல் நுனி, மண்டபத்து இருட்டுக்கு முழுசாகத் திறந்த அபர்ச்சர், மூச்சைப் பிடித்துக்கொண்டு முப்பதில் ஒரு விநாடி. என் படங்களில் அந்தக் காலத்து மனிதர்கள் எல்லாரும் வீட்டுக்கு வந்தவர்களைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள் என்று நண்பர்கள் சொன்னால், அதில் பாதிப் பெருமை அந்த 50-க்குத்தான்.

மேலமாசி வீதியில் ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணன் ஒருவர்தான் என் ரோல்களைக் கழுவிக் கொடுப்பார். ஊட்டியில் தயாரான இந்து ஃபிலிமில் எடுத்தவை, கருப்பு வெள்ளை. ஈரம் காய்ந்த நெகட்டிவை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, நன்றாக இருக்கிறது, இல்லை என்றெல்லாம் சொல்லமாட்டார். "எங்க நின்னு எடுத்தே தம்பி?" என்பார். அவ்வளவுதான் விமர்சனம். மூக்கு பெரிதாகத் தெரிந்தால் லென்ஸைத் திட்டாதே, நீ மூஞ்சிக்கு ரொம்பப் பக்கத்தில் போயிருக்கிறாய், எந்த லென்ஸைப் போட்டுக்கொண்டு அங்கே நின்றாலும் மூக்கு அப்படித்தான் இருக்கும், லென்ஸ் உன்னை அங்கே போகச் சொல்கிறது, அது ஒன்றுதான் அதன் வேலை என்று அவர் சொன்னதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

பிறகு நண்பர் ஒருவரின் 135 கையில் வந்தது. அந்த லென்ஸோடு நான் வேறொரு ஆளானேன். மார்க்கெட்டில் முருங்கைக்காய்க் கட்டுகளுக்குப் பின்னால் தலையில் துண்டோடு அயர்ந்து உட்கார்ந்திருக்கும் அம்மாவைத் தெருவின் எதிர்ப்பக்கத்தில் இருந்தே எடுத்துவிடலாம். பின்னணி எல்லாம் கரைந்து, அவர் மட்டும் தனியாக, சோகமாக, அழகாக நிற்பார். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வருஷத்துப் படங்களில் எவர் பெயரும் எனக்குத் தெரியாது. அதற்கடுத்து வந்த 28 நேர்மாறு. அபர்ச்சரை எட்டில் வைத்து, ஃபோகஸைப் பத்தடி பதினோரு அடிக்குத் திருப்பிவிட்டால், ஐந்தரை அடியிலிருந்து அடிவானம் வரை எல்லாமே துல்லியம். லென்ஸின் கழுத்தில் பொறித்திருந்த கோடுகளே அதைச் சொல்லும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அதிகாலையில் அதை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தால், தோல்பையிலிருந்து பீய்ச்சுகிற தண்ணீர் முதலில் நம் மேல்தான் விழும். 200 வைத்திருந்த பத்திரிகைக்காரர்கள் தூரத்திலிருந்து எடுத்த படங்களில் குதிரை வாகனம் தலைகளின் கடல்மேல் மிதந்தது, தலைக்கும் தலைக்கும் நடுவே இடைவெளியே இல்லை. அதே ஆறு, அதே அழகர். அவர்கள் திருவிழாவை எடுத்தார்கள், நாங்கள் திருவிழாவுக்குப் போயிருந்தோம்.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே ப்ரெஸ்ஸோன் பெரும்பாலும் ஒரே 50-ஐ வைத்துக்கொண்டு உலகம் சுற்றினார். 1950 ஏப்ரலில் ரமணரின் கடைசி நாட்களில் திருவண்ணாமலையில்கூட இருந்தார். ஜப்பானில் சினிமா இயக்குநர் ஓஸு ஏறக்குறைய எல்லாப் படங்களையும் 50-லேயே எடுத்து முடித்தார். அவர்களிடம் மற்ற லென்ஸுகளுக்குப் பஞ்சம் இல்லை. ஒரு தூரத்தைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள், பாணி என்று நாம் சொல்வது அதிலிருந்து பிறந்தது என்றே நினைக்கிறேன்.

இப்போது அக்கா மகள் கல்யாணப் படங்கள் எடுக்கிறாள். அவள் செல்போனில் மூன்று கண்கள்: 13, 26, 77 என்று வைத்துக்கொள்ளுங்கள், நான் பத்து வருஷத்தில் சேர்த்ததைவிட அதிகம். உட்கார்ந்த இடத்தில் விரலால் தட்டினால் மண்டபம் விரிகிறது, மறுபடி தட்டினால் பொண்ணின் காது ஜிமிக்கி. கைக்கெட்டும் தூரத்தில் செல்ஃபி எடுத்து எடுத்து ஒரு தலைமுறையே தன் மூக்கு பெரியது என்று கவலைப்படுவதைப் பார்க்கும்போது, ஸ்டூடியோ அண்ணன் இருந்திருக்கலாமே என்று தோன்றுகிறது. ஆனால் நன்மையை நன்மை என்றே சொல்ல வேண்டும். நாங்கள் விட்டுவிட்டு வந்த இருட்டையெல்லாம் அவள் கேமரா ஐஎஸ்ஓ 6400-இல் சாதாரணமாகப் பார்க்கிறது. என் கண் மங்கிய பிறகும் நான் படம் எடுக்கிறேன் என்றால் அது ஆட்டோஃபோகஸின் தயவு. மழைக்காலம் வந்தாலே லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்துவிடும் என்று பல்பு போட்ட பெட்டியில் வைத்துக் காவல் காத்ததையும் நான் திரும்பக் கேட்கமாட்டேன்.

போன மாதம் அவள் ஒரு பழைய ஹீலியோஸ் 44-ஐ, சோவியத் சரக்கு, 58 மி.மீ., தேடிப்பிடித்து வாங்கி அடாப்டர் வைத்துத் தன் புதுக் கேமராவில் மாட்டியிருந்தாள். "மாமா, பின்னாடி இலையெல்லாம் எப்படிச் சுத்துது பாருங்களேன்!" முகத்தைச் சுற்றி மரத்தின் இலைகள் சுழல்வது அந்தக் கண்ணாடியின் குறை. லென்ஸ் செய்பவர்கள் இத்தனை வருஷம் பாடுபட்டு ஒழித்த குறைகளை இந்தப் பிள்ளைகள் காசு கொடுத்து மீட்டுவருகிறார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. அதில் ஜூமும் இல்லை, ஆட்டோஃபோகஸும் இல்லை. வளையத்தைக் கையால் திருப்பியபடி அவள் மாமரத்தடியில் முன்னே இரண்டு அடி, பின்னே ஓர் அடி என்று நடந்துகொண்டிருந்தாள், படத்தில் இருக்கும் பாட்டியோடு பேசிக்கொண்டே.

வரும் சித்திரைக்கு ஆற்றுக்குப் போவதென்று பேசி வைத்திருக்கிறோம். நான் 28, அவள் ஹீலியோஸ் ஒன்றை மட்டும் கொண்டுவர வேண்டும், 70-200 வீட்டிலேயே இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறாள்.