பீரோவுக்குப் பின்னால் ஒரு ஸ்விட்ச்

பால் காய்ச்சிக் குடிபுகுந்த வீட்டுக்கு வந்து, நடு ஹாலில் நின்று, "இங்க ஒரு ஜன்னல் வச்சிருக்கலாமே" என்று சொல்கிறவர்களை என்ன செய்தால் தகும்? போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு இதே யோசனை. சொன்னவர் என் சகலை. வானம் தோண்டிய அன்றும் வந்தார், நிலை வைத்த அன்றும் வந்தார், தளம் போட்ட அன்று வேலையாட்களுக்கு வாங்கி வைத்த வடையில் பாதியை அவரே தின்றார். அப்போதெல்லாம் ஜன்னல் வேண்டுமென்றால் கொத்தனாரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட் பெயிண்டும் அடித்து, ஆணி அடித்துக் காலண்டரையும் மாட்டிய பிறகுதான் அந்த இடத்தில் ஒரு ஜன்னல் அவர் கண்ணுக்குத் தெரிகிறது. எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது சரி. அங்கே ஜன்னல் இருந்தால் தெற்கிலிருந்து காற்று பிய்த்துக்கொண்டு வரும்.

வீடு கட்டியவர்களுக்கு வரும் இந்த மனக்குறையை ஆற்றிக்கொள்ள நான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்கு முன்னால் எங்கள் படுக்கையறையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

என்ஜினியர் போட்ட பிளானில் அது 12 அடி அறை. பெரியப்பா மஞ்சள் பையிலிருந்து மனையடி சாஸ்திரத்தை எடுத்தார். 10 அடி நல்லது, 11 அடி நல்லது, 12 ஆகாது. 13, 14, 15 எதுவுமே ஆகாது. அடுத்த நல்ல அடி 16. எங்கள் மனை முப்பதுக்கு ஐம்பது, 1500 சதுர அடி, முழுசாக மூன்றரை சென்ட்கூடத் தேறாது. படுக்கையறைக்கு 16 அடி கொடுத்தால் சமையலறையைத் தெருவில்தான் வைக்க வேண்டும். "அப்ப 11 போடுங்க" என்று தீர்ப்பானது, 11-க்கு 10. பூச்சு வேலை முடிந்ததும் பெரியப்பா டேப்போடு வந்து அளந்தார். இரண்டு பக்கமும் அரை அங்குலம் பூசியதில் 10 அடி 11 அங்குலம்தான் இருந்தது. சுரண்டச் சொன்னார். மேஸ்திரி அவரைப் பார்த்த பார்வையில் விஷயம் அதோடு நின்றது.

இனி எலக்ட்ரீசியன். வீட்டில் அப்போது வெறும் செங்கல் சுவர், தரையில் மணல், மூலையில் சாரக் கம்பு. உச்சி வெயில். அந்தத் தம்பி கையில் சாக்பீஸோடு வந்து, "கட்டில் தலைமாடு எந்தப் பக்கம் சார் வரும்?" என்று கேட்டார். நாங்கள் கட்டிலே வாங்கவில்லை. "பீரோ எங்க நிக்கும்? டிவி எந்தச் சுவர்? டிரஸ்ஸிங் டேபிள் உண்டா?" ஒரு மனிதன் தன் பிற்காலம் முழுவதையும் சுவரில் சாக்பீஸால் குறித்துக் காட்ட வேண்டும், அதுவும் மத்தியானத்துக்குள், ஏனென்றால் தம்பிக்குச் சாயங்காலம் வேறு சைட் இருக்கிறது. தெற்கே தலைமாடு என்றாள் மனைவி. கிழக்கு என்றார் அம்மா. வடக்கு ஆகாது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை. மனைவி சொன்னபடி தெற்குச் சுவரில் பக்கத்துக்கு ஒரு பிளக், படுத்தபடியே ஃபேனை நிறுத்த ஒரு ஸ்விட்ச், இரவு விளக்குக்கு ஒன்று, எல்லாம் ராஜபோகமாகக் குறித்தாயிற்று. சுவரை வெட்டிக் குழாய் பதித்துப் பூசியும் ஆயிற்று.

பிறகு கட்டில் வந்தது. 6 அடிக்கு ஆறரை அடி. அறையின் 10 அடிப் பக்கத்தில் தெற்கே தலைவைத்துப் போட்டால் மிச்சம் மூன்றரை அடி. அதில் பீரோவை நிறுத்தினால் பீரோ இருக்கும், கதவு திறக்காது. கட்டிலைத் திருப்பினோம். இப்போது தலைமாடு கிழக்கே. அம்மா ஜெயித்துவிட்டார். கிழக்குச் சுவரில் பிளக் என்று ஒன்று கிடையாது. தெற்குச் சுவரில் பீரோ நிற்கிறது. அதன் முதுகுக்குப் பின்னால் இரண்டு பிளக்கும் ஃபேன் ஸ்விட்சும் இரவு விளக்கும் கட்டின மேனிக்கு அப்படியே இருக்கின்றன. ஃபேனை நிறுத்த வேண்டுமென்றால் பையனின் ஸ்கேலை இடுக்கில் விட்டுத் தடவித் தட்ட வேண்டும். சில ராத்திரிகளில் ஃபேனுக்குப் பதிலாக இரவு விளக்கு எரியும். மறுபடி தட்டினால் இரண்டும் போகும். மூன்றாம் தடவை ஸ்கேல் உள்ளே விழும்.

ஃபேன் இருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். கான்கிரீட் போடும் முன்பே கம்பியோடு கட்டிவிடுகிற ஃபேன் பாக்ஸ் அது. பிற்பாடு நகர்த்த முடியாது. அறைக்கு நடுமத்தி. கட்டில் திரும்பிவிட்டதால் ஃபேன் எங்கள் கால்களுக்கும் கால்களைத் தாண்டிய நடைவழிக்கும் காற்று வீசுகிறது. கொசுவுக்கு இது தெரிந்திருக்கிறது. போனுக்குச் சார்ஜ் போட ஹாலிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்திருக்கிறோம். அது வருவதால் கதவு சாத்தாது. கதவு சாத்தாததால் ஏசி போட முடியாது. ஏசிக்கென்று 16 ஆம்ப் பாயிண்ட் தனியாக, கச்சிதமாக, சரியான இடத்தில் இருக்கிறது. வைஃபை பெட்டிக்குப் பாயிண்ட் வைக்க யாருக்குமே தோன்றவில்லை. அது இப்போது பூஜை அறையில், சீரியல் லைட்டின் பிளக்கில், முருகனுக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளியாக மினுக்குகிறது. அம்மா அதற்கும் சேர்த்துத்தான் கற்பூரம் காட்டுகிறார். மாடிப்படிக்கு டூவே ஸ்விட்ச் கேட்டு வாங்கினேன். கீழே போட்டு மேலே அணைக்கலாம். மேல் ஸ்விட்ச் மொட்டைமாடிக் கதவுக்கு வெளியே இருக்கிறது. மழையில் நனைந்துகொண்டே அணைக்கலாம்.

சமையலறையைப் பற்றி எழுதக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. குளியலறையில் வாட்டம் சரியில்லை. தண்ணீர் ஜல்லடையை நோக்கிப் போகாமல் வாசலை நோக்கி வருகிறது. வைப்பரால் தள்ளிவிடுகிறோம்.

படித்துத் தேறியதில் ஒன்று மட்டும் சொல்கிறேன். சண்டிகர் நகரத்தை வடிவமைத்த லெ கொர்பூசியே, பாரிஸுக்குப் பக்கத்தில் புவாஸி என்ற ஊரில் சவோய் குடும்பத்துக்கு ஒரு வீடு கட்டினார். 1931-இல் முடிந்தது. இன்றைக்கும் கட்டடக்கலை மாணவர்கள் வரைந்து பழகுகிற வீடு. 2016-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில்கூடச் சேர்ந்துவிட்டது. மழை பெய்தால் அது ஒழுகியது. அந்த வீட்டு அம்மாள் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிப் பார்த்தார். பின்னாளில் கொர்பூசியே தானே ஒரு மனையடி சாஸ்திரமும் எழுதினார். 1.83 மீட்டர், அதாவது 6 அடி உயர மனிதன்தான் அதற்கு அளவுகோல். அவன் கையைத் தூக்கினால் 2.26 மீட்டர். நான் ஐந்தே கால் அடி. நம் புத்தகத்தில் 12 அடி அறை ஆகாது, அவர் புத்தகத்தில் நானே ஆகாது. இதைச் சகலையிடம் சொன்னேன். "அந்த வீட்டுல ஜன்னலாவது நிறைய வச்சிருக்காங்களே" என்றார். படத்தைப் போனில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

இப்படிச் சொல்கிறவர்களைக் குறை சொல்லவும் எனக்கு முழு யோக்கியதை கிடையாது. ஆபீஸ் நண்பர் வீட்டுப் புதுமனைக்குப் போய், கேசரியைக் கையில் வைத்துக்கொண்டே, "படியை வெளியே குடுத்திருந்தா மாடியை வாடகைக்கு விட்டிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு வந்தவன்தான் நானும். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அவர் வீட்டில் அன்றைக்கு இரவு என்ன நடந்ததோ தெரியாது, மறுநாள் கேன்டீனில் அவர் என் மேசைக்கு வரவில்லை. நீங்களும் எங்காவது சொல்லியிருப்பீர்கள். சொல்லாமல் வாயில் இனிப்பு இறங்காது.

ஆறுதலுக்கு வழி சொல்கிறேன் என்று தொடங்கியது நினைவிருக்கிறது. பத்திரிகையில் எனக்குக் கொடுத்த இடத்தை முழுக்க ஸ்விட்ச் எடுத்துக்கொண்டது.

நீங்களும் ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள். ஒத்தக்கடை தாண்டி யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். காபி உண்டு, மாடியில் நல்ல காற்றும் உண்டு. போனில் மட்டும் முழு சார்ஜ் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.