சிற்றுந்தின் பின்னே பெரும்படகு: ஓர் உரை விளக்கம்

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்றனர் முன்னோர். வண்டி என்ன எடை, ஓடம் என்ன எடை என்று சொல்லாமல் விட்டது, உரைகாரர்களுக்கும் பிழைப்பு வேண்டும் என்னும் கருணையால் என்க. வள்ளுவர் இதில் கறார்ப் பேர்வழி. அளவு மீறினால் மயிலிறகு ஏற்றிய வண்டிக்கே அச்சு முறியும் என்பது அவர் கட்சி.

ஆய்வுக்களம் பிரிட்டன். சுற்றிலும் கடல், வாசலில் குட்டிக் கார். ஆசை முளைக்க வேறென்ன வேண்டும்? 900 கிலோ கார் ஒன்றையும், டிரெய்லரோடு 1,200 கிலோ வரும் படகு ஒன்றையும் கற்பித்துக்கொள்வோம்.

கார் படகை இழுக்குமோ எனின், இழுக்கும். ஒருசாரார் இத்தோடு ஆய்வை முடித்துக்கொண்டு கயிறு தேடப் போய்விடுவர். ஐரோப்பிய விதிப்படி, 12 சதவீத ஏற்றத்தில் 5 நிமிடத்துக்குள் 5 முறை நின்று கிளம்பிக் காட்டினால்தான் கார் இவ்வளவு இழுக்கும் என்று தயாரிப்பாளர் சொல்லலாம். ஏற்றத்தில் கிளம்பியது இறக்கத்தில் நிற்கும் என்பதற்குச் சான்று ஆகுமோ எனின், ஆகாது.

இறக்கத்தில் எது எதை இழுக்கிறது என்பதே வினா. டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையேல், 2,100 கிலோவையும் குட்டிக் காரின் பிரேக்கே பிடித்தாக வேண்டும். ஆதலால் பிரேக் இல்லாத டிரெய்லர் காரின் எடையில் பாதியைத் தாண்டலாகாது, கார் எவ்வளவு பெரிதாயினும் 750 கிலோவைத் தாண்டலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம். நம் காருக்கு 450. மீதி 750 கிலோ படகை வீட்டிலேயே விட்டுச் செல்க.

பிரேக் உள்ள டிரெய்லராயின்? கார் வேகம் குறைக்கும்போது படகு முன்னோக்கி வந்து கொக்கியை முட்டும். அந்த முட்டலே டிரெய்லரின் பிரேக்கை அழுத்தும். படகின் அவசரத்தைக் கொண்டே படகை அடக்கிய இந்த ஏற்பாட்டைச் செய்தவர் நிச்சயம் கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர். இங்கே சட்டம் காரிலுள்ள தகட்டைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். காரும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கு அதில் ஒரு வரம்பு இருக்கும். இல்லையேல் எதையும் இழுக்கலாகாது. புதியவர்கள் காரின் எடையில் 85 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்க என்பது அனுபவசாலிகள் வாக்கு.

விற்பனைத் தாளில் உள்ள படகின் எடை தனிவகை இலக்கியம். பல தாள்களில் இயந்திரம் சேராது, எரிபொருள் சேராது, நங்கூரமும் சேராது. 100 லிட்டர் பெட்ரோலே சுமார் 74 கிலோ வரும். இயந்திரமோ படகின் வாலில் தொங்கும். வால் கனத்துக் கொக்கியின் மேல் பாரம் குறைந்தால், வேகம் கூடும்போது டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஆட்டம் முற்றினால் காரையும் சேர்த்து ஆட்டும். அப்போது வேகத்தைக் கூட்டித் தப்புவோம் என்பாரும் உளர். அது பொருந்தாது. ஸ்டியரிங்கை நேரே பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதே முறை.

இனிப் படகு இறக்கும் சரிவு. பின்னோக்கி இறங்கும் காரின் பாரம் பின்பக்கம் சாயும். கொக்கியும் அங்கேயே அழுத்தும். குட்டிக் கார்களில் பெரும்பாலானவற்றை இழுப்பதோ முன்சக்கரம். சாதாரணக் கைபிரேக் பிடிப்பது பின்சக்கரத்தை. அது நிற்பது பாசியில். மாலையில் நனைந்த படகோடு ஏறும்போது முன்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். அதற்குப் பாரம் கூட்ட மைத்துனரை பானெட்டின் மேல் உட்காரச் சொல்வாரும் உண்டு. மைத்துனரின் எடையும் மொத்த எடைக் கணக்கில் சேரும்.