வண்டிக்கு அண்டை கொடுத்தல்: தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வட்டாரங்களை முன்வைத்து

மேலைநாட்டில் வீட்டையே வண்டியாக ஓட்டித் திரிகிறவர்கள், குளிர்காலத்தில் அதை நிறுத்திவைக்கும்போது ஜாக்கி விஷயத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஜாக்கியை ஊன்றி வண்டியைத் தூக்கி நிறுத்தினால்தான் டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் பாரம் குறையும் என்பது ஒரு கட்சி. நீட்டி வைத்த தண்டு துருப்பிடிக்கும், மடக்கித்தான் வைக்க வேண்டும் என்பது மறு கட்சி. இரு சாராரும் மும்பைத் தோசைவண்டியைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆய்வுலகின் இப்பெருங்குறையைக் களையவே இக்கட்டுரை.

நகரும் வீட்டுக்கு நம்மிடம் மூத்த சான்று தேர். 96 அடி உயரத் திருவாரூர் ஆழித்தேருக்கு இன்று ஹைட்ராலிக் பிரேக் உண்டு. ஆனாலும் முட்டுக்கட்டை போடும் ஆள்கள் இல்லாமல் தேர் வீதி திரும்பாது. தோசைவண்டிக்கு பிரேக்கும் கிடையாது, முட்டுக்கட்டை போடத் தனி ஆளும் கிடையாது.

சாலை மட்டமாக இருக்கும் என்று நம்புவது பாமரத்தனம். மழைநீர் வடிவதற்காக நடுச்சாலையை உயர்த்தி, ஓரத்தை ஏறத்தாழ 100க்கு 2 என்ற கணக்கில் சரிக்கிறார்கள். வண்டி நிற்பதோ ஓரத்தில். 4 அடி அகல வண்டி, சாக்கடைப் பக்கம் ஏறக்குறைய ஓர் அங்குலம் தாழ்ந்து நிற்கும். ஓர் அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்பவர் தோசை வார்த்ததில்லை. எண்ணெய் முழுக்க ஒரு கரையில் தேங்கும். மறு கரை வறண்டு தீயும். இங்கே செங்கல் உதவாது, அது 3 அங்குலம். மும்பை நடைபாதைகளில் தாராளமாகப் பெயர்ந்து கிடக்கும் பேவர் பிளாக்கும் 60 அல்லது 80 மில்லிமீட்டர். ஆகவே உடைந்த டைல்ஸ் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சக்கரத்தடியில் அண்டையாக வைப்பதே அறிவியல்.

கொத்தனாருக்கு ரசமட்டம் உண்டு. தோசைக்காரருக்குத் தோசைக்கல்லில் தெளிக்கும் தண்ணீர். தாராவி 90 அடி சாலையில் ஒரு மாலைநேர ஆய்வு முழுமையாகப் பின்வருமாறு:

“அண்ணாச்சி, தண்ணி சாக்கடைப் பக்கம் ஓடுது.”

“பின்ன, கடலுக்கா ஓடும்? அந்த டைல்ஸ் துண்ட எடுலே.”

இச்சோதனையை அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே முடிக்க வேண்டும். கல் நன்றாகக் காய்ந்தபின் தெளித்தால் துளிகள் ஆவிமேல் மிதந்து நாலாபக்கமும் துள்ளும். 1756இல் லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதைப் பற்றி எழுதிப் பேர்வாங்கினார். அவர் தோசை வார்த்ததாகச் சான்றில்லை.

அடுத்து சட்டச் சிக்கல். தெருவோர வியாபாரிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டம், ஓரிடத்தில் நிலையாக விற்பவர், நகர்ந்து விற்பவர் என்று வகை பிரிக்கிறது. சக்கரத்தடியில் டைல்ஸ் வைத்தவர் எந்த வகை? மாலை முழுக்க அவர் நிலையானவர். மாநகராட்சி வண்டி தெருமுனையில் தெரிந்த கணத்தில் காலால் ஒரு எத்து எத்தி நகர்பவர் ஆகிவிடுகிறார். எனவேதான் அண்டைத் துண்டு எத்தினால் விலகுவதாக இருக்க வேண்டும் என்பது தொழிலின் முதல் விதி. எந்த ஜாக்கிக்கும் இந்த வேகம் கிடையாது.

மழைக்காலச் சேமிப்பு வேறு கதை. ஜூன் 11 வாக்கில் பருவமழை இறங்கியதும் சில வண்டிகள் அச்சுக்கடியில் செங்கல் ஏறி, தாட்பத்ரி எனும் தார்ப்பாய்க்குள் போய்விடும். இல்லாவிட்டால் காற்றிறங்கிய டயர் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே மடிந்து வெடித்துப்போகும். மாட்டுங்காவில், மகன் அமெரிக்கா போனபின் கட்டட வாசலில் நிற்கும் பழைய பிரீமியர் பத்மினிக்கும் இதே வைத்தியம்தான். செம்பூர் சொசைட்டிகளில் இப்படி வைத்த கல்லை எடுக்கச் சொல்லித் தீர்மானம் போடுவார்கள். கல் அப்படியே இருக்கும். அடுக்கிய இரண்டு செங்கல் 6 அங்குலம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் பெய்தது 944 மில்லிமீட்டர், அதாவது 37 அங்குலம். இதுகுறித்துச் செங்கல் கட்சி இன்றுவரை விளக்கம் தரவில்லை.

மழை ஓய்ந்ததும் முதலில் காற்றடித்து, பிறகே கல்லை உருவ வேண்டும். மாற்றிச் செய்தால் ரிம்முக்கடியில் ட்யூப் நசுங்கும். உருவிய கல்லை அக்கணமே வண்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுவது நல்லது. பக்கத்து வண்டிக்காரர் அப்போதுதான் அண்டைக்கு ஏதாவது கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.