ஆப்ட் அண்ணன்

லினக்ஸ் சர்வர் ஓடுகிற எந்த ஆபீசிலும் ஓர் ஆப்ட் அண்ணன் இருப்பார். மீட்டிங்கில் வாயே திறக்க மாட்டார். ஆனால் யாராவது "பிப்" என்று முணுமுணுத்தால் போதும், நாலு டேபிள் தள்ளி அவர் நாற்காலி திரும்பும்.

அவருக்கு ஒரே கொள்கை: டெபியன் சர்வருக்குள் எது வந்தாலும் ஆப்ட் வழியாகத்தான் வர வேண்டும். பைத்தானுக்கு பிப், பெர்லுக்கு சீபேன், ரூபிக்கு ஜெம், நோடுக்கு என்பிஎம் என்று ஆளுக்கொரு கொல்லைக் கதவைத் திறந்துவைத்தால், நாளைக்குப் பாதுகாப்பு ஓட்டை என்று செய்தி வரும்போது எது எந்தப் பக்கமாக வந்தது என்று யார் தேடுவது? நியாயமான கேள்வி. தினமும் கேட்பதுதான் தொல்லை.

"தம்பி, ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி எதுல போட்ட?"

"பிப்லதாண்ணே."

"சுடோ போட்டியா?"

பையன் மானிட்டரையே பார்ப்பான்.

"இப்ப யூஎஸ்ஆர் லோக்கல்ல உன்னோடது ஒண்ணு, யூஎஸ்ஆர் லிப்ல ஆப்ட்டோடது ஒண்ணு. பைத்தான் முதல்ல எதை எடுக்கும்?"

"என்னோடதண்ணே."

"ஆப்ட்டோடதை நான் அப்டேட் பண்ணினா?"

பையன் மறுபடி மானிட்டரைப் பார்ப்பான்.

அப்புறம் சென்டோஸ் 6 கதை தொடங்கும். அதில் பேக்கேஜ் போடுகிற யம் என்ற கருவியே பைத்தானில் எழுதியது, 2.6-ஐ நம்பி ஓடுவது. யாரோ ஒரு புண்ணியவான் 2.7 போட்டு, பைத்தான் என்ற பெயரையும் அதற்கே சூட்டிவிட்டான். யம் படுத்துவிட்டது. சரிசெய்யப் பேக்கேஜ் போட வேண்டும். பேக்கேஜ் போட யம் வேண்டும். இந்த இடத்தில் அண்ணன் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். எத்தனையாவது தடவை கேட்டாலும் நாம் அதிர்ச்சியடைய வேண்டும்.

டெபியனில் இல்லாத பெர்ல் மாட்யூலைக் கேட்டால் மறுக்க மாட்டார். டிஹெச்-மேக்-பெர்லை வைத்துத் தானே டெப் பேக்கேஜாகக் கட்டித் தருவார். ஆனால் பெர்ல் மாட்யூலைக் கூப்பிடுவது கல்யாணத்துக்குப் பெரியப்பாவைக் கூப்பிடுவது போல. அவர் வேனோடுதான் வருவார். அந்த வேனில் வந்த ஒவ்வொன்றுக்கும் அண்ணன் தனித்தனியாகப் பேக்கேஜ் கட்டி, பதிப்பு எண் போட்டு, ஆபீஸ் ரெப்போவில் ஏற்றி முடிப்பதற்குள் கேட்டவன் வேறு கம்பெனியில் சேர்ந்திருப்பான்.

வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டை மட்டும் சகித்துக்கொள்வார். தன் ஃபோல்டரோடு கிடக்கிறது, சிஸ்டத்தைத் தொடுவதில்லை.

2023-இல் டெபியன் 12 வந்தது. சிஸ்டம் பைத்தானில் கைவைக்க பிப்பே மறுத்து, முதலில் ஆப்ட்டில் பார் என்று சொல்ல ஆரம்பித்தது. அண்ணன் மைசூர்பா வாங்கி வந்தார். அந்த மறுப்புச் செய்தியின் கடைசியில் தடையைத் தாண்டும் வழியும் எழுதியிருந்ததை அன்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. மைசூர்பா நன்றாக இருந்தது.

இப்போது பையன்கள் எல்லாவற்றையும் டாக்கரில் போட்டுக் கொண்டுவருகிறார்கள்.

"இந்த கன்டெய்னருக்குள்ள என்ன ஓஎஸ்?"

"டெபியன்தாண்ணே. உங்களுக்குப் பிடிச்சது."

"சரி. லைப்ரரி எல்லாம்?"

"பிப்ல. முதல்ல போட மாட்டேன்னுச்சு. அப்புறம் பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்னு சேர்த்துக் குடுத்தேன், போயிடுச்சு."

"யாரா போட்ட?"

"ரூட்டாதாண்ணே. உள்ள வேற யூசரே இல்லையே!"