கினீசியாலஜி சங்கத்தை அசையாமல் நடத்துவது எப்படி?

மனித உடல் எப்படி அசைகிறது என்று ஆராயும் படிப்புக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கினீசியாலஜி என்று பெயர். அந்தத் துறை இருக்கும் வளாகத்தில் அநேகமாக ஒரு மாணவர் சங்கமும் இருக்கும். அதற்குத் தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் மேலே, பெரும்பாலும் தன் அறைக்கு உள்ளே, ஓர் ஆலோசகப் பேராசிரியர் இருப்பார். இந்த ஆண்டு அந்த நாற்காலிகளில் ஒன்று உங்கள் தலையில் விழுந்திருந்தால் மேலே படியுங்கள்.

தேர்தலுக்குப் பயப்பட வேண்டாம், போட்டி கிடையாது. ஏப்ரல் மாதக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து பீட்சாவுக்காகக் கையை நீட்டுங்கள். தலைவர் பதவிக்குக் கை தூக்கியதாக எழுதிக்கொள்வார்கள்.

சரி, இந்தப் பதவி எதற்கு? பக்கத்தில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கினீசியாலஜிஸ்ட் என்பது 2013 முதல் சட்டப்படி பதிவுபெற்ற தொழில். அமெரிக்காவில் அந்தப் பெயரில் உரிமம் கிடையாது. ஆகவே இளங்கலை முடித்த பலரும் பிசியோதெரபிக்கான ‘டிபிடி’ என்ற மூன்றாண்டுப் பட்டத்துக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். (நியூ ஜெர்சித் தமிழ்ப் பெற்றோர் உறவினரிடம் “பிசியோ லைன்தான்” என்று முதல் வருஷமே சொல்லிவிடுவார்கள்.) மதிப்பெண்ணோடு, மருத்துவமனையில் நின்று பார்த்த நேரமும், ஏதாவது ஓர் அமைப்பை நடத்திய அனுபவமும் அந்த விண்ணப்பத்தில் கைகொடுக்கும். சங்கம் உயிரோடு இருப்பதன் ரகசியம் இதுதான். எனவே தலைவராக வந்ததும் உங்கள் முதல் கடமை, புதிய பதவிகளை உண்டாக்குவது. இன்ஸ்டாகிராம் இயக்குநர், டி-ஷர்ட் இயக்குநர், பீட்சா ஒருங்கிணைப்பாளர் என்று அடுக்குங்கள். வெறும் உறுப்பினர் என்று ஒருவர்கூட மிஞ்சக் கூடாது.

கூட்டத்தை விதிப்படி நடத்த வேண்டும் என்று யாராவது ஒருவர் அடம்பிடிப்பார். அவர் கையில் ‘ராபர்ட்ஸ் ரூல்ஸ் ஆஃப் ஆர்டர்’ இருக்கும். ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற ராணுவப் பொறியாளர் 1876-இல் வெளியிட்ட நூல் அது. ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கப் போய்த் திண்டாடிய பிறகுதான் அவருக்கு விதிகள்மேல் அக்கறை வந்ததாம். அவர் விதிகளில் பீட்சா இல்லாதது ஒரு குறை. பெட்டி வந்தால் கோரம் சேரும், காலியானால் கலைந்துவிடும். தீர்மானங்களையெல்லாம் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே நிறைவேற்றிவிடுங்கள்.

கூட்டம் எவ்வளவு கடுமையாக இருந்தது என்று அளக்க உங்கள் பாடத்திலேயே கருவி இருக்கிறது. சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த அளவுகோல் 6-இல் தொடங்கி 20-இல் முடியும். இந்த விநோத எண்களுக்கு ஒரு கணக்கு உண்டு: பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய நாடித்துடிப்பு வரும். சும்மா உட்கார்ந்திருக்கும் இளைஞருக்கு 6, அதாவது அறுபது துடிப்பு. நம் சங்கக் கூட்டம் பூராவும் இந்த 6-இலேயே ஓடும். ரசீது கேட்கும் நாளில் பொருளாளர் மட்டும் 17-ஐத் தொடுவார்.

வருஷத்துக்கு ஒரு நிகழ்ச்சியாவது நடத்தித் தொலைக்க வேண்டும். ஆய்வகத்தில் டிரெட்மில் இருக்கிறது, முகமூடி இருக்கிறது, உடல் எவ்வளவு ஆக்ஸிஜனை உறிஞ்சுகிறது என்று எல்லோருக்கும் அளந்து காட்டலாமே என்று ஆசை வரும். ‘புரூஸ்’ முறையில் மூன்று நிமிடத்துக்கு ஒருதரம் வேகமும் ஏற்றமும் கூடும். மாட்டிக்கொள்வது எப்போதும் ஓர் அப்பாவி முதலாமாண்டு மாணவர்தான். ஓடுவதற்கு முன் அவர் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அந்தப் படிவத்தை ரிஸ்க் மேனேஜ்மென்ட் அலுவலகம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குள் அவர் பட்டம் வாங்கிப் போய்விடுவார்.

அதைவிடப் பத்தாயிரம் அடி நடைப் போட்டி வையுங்கள். செலவில்லை, படிவமும் சின்னது. அந்தப் பத்தாயிரம் எந்த ஆய்வகத்திலும் பிறந்ததல்ல, 1960-களில் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியின் பெயரிலிருந்து வந்தது என்று ஆலோசகர் எழுந்து சொல்வார். ஒவ்வொரு வருஷமும் சொல்வார். சொல்லட்டும், அந்த ஒரு நாள்தான் அவர் கூட்டத்துக்கு வருகிறார். வென்றவர் போனை நாயின் கழுத்தில் கட்டியிருந்தாரா என்றெல்லாம் துருவ வேண்டாம்.

இனி ஆலோசகருக்கு. ஐயா, அம்மா, நீங்கள் எப்படி இந்தப் பொறுப்புக்கு வந்தீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். துறைக் கூட்டத்துக்கு வராத நாளில் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பீர்கள், அல்லது புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியராக இருப்பீர்கள். பணி நிரந்தரத்துக்கு ஆய்வு, கற்பித்தல், சேவை என்று மூன்றையும் பார்ப்பார்கள். சங்க ஆலோசனை மூன்றாவதில் சேரும். அந்த மூன்றாவதோ ஆய்வுப் பல்கலைக்கழகத் தராசில் எடையே காட்டாது. ஆகவே மூன்று வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். “நல்ல யோசனை.” “ரிஸ்க் மேனேஜ்மென்டைக் கேட்டீர்களா?” “பட்ஜெட் எங்கே?” இந்த வரிசையில் சொன்னால் எந்த யோசனையும் இரண்டு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்காது.

பரிந்துரைக் கடிதத்திலிருந்து மட்டும் தப்ப முடியாது. பீட்சா வரிசையில் ஒருமுறை பார்த்த முகத்துக்கு ஒரு பக்கம் எழுத வேண்டிவரும். ‘குழுவாகச் செயல்படுவதில் வல்லவர்’ என்று தொடங்குங்கள். வரிசையில் நின்றாரல்லவா, பொய்யில்லை.

சில ஆலோசகர்கள் உண்டு. சனிக்கிழமை காலையில் ஆய்வகத்தைத் திறந்துவைப்பார்கள். தெரிந்த கிளினிக்குக்குத் தாங்களே போன் போட்டு மாணவருக்கு இடம் கேட்பார்கள். குடும்பத்தில் முதல்முறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளையிடம் விண்ணப்பக் கட்டண விலக்கு ஒன்று இருப்பதைச் சொல்வார்கள். மிக ஆபத்தான ஆசாமிகள். இவர்களிடம் சிக்கினால் நீங்கள் உண்மையாகவே வேலை செய்ய நேரிடும். இந்தக் கட்டுரை அவர்களுக்கு எந்த வகையிலும் பயன்படாது.

கடைசியாக, பதவியை ஒப்படைப்பது. இதில்தான் எல்லாச் சங்கங்களும் ஒரே பாரம்பரியத்தைக் காக்கின்றன: ஒப்படைப்பதே இல்லை. மின்னஞ்சல் கணக்கு மூன்று தலைவர்களுக்கு முந்தைய ஒருவரின் போனோடு இணைந்திருக்கும். உள்ளே போவதற்கான எண் அவருக்குப் போகும், அவரோ வேறு மாநிலத்தில் நோயாளியின் முழங்காலை மடக்கிக்கொண்டிருப்பார். வங்கியில் கையெழுத்து யாருடையது என்று தெரியாது. விற்காத டி-ஷர்ட்டுகள் ஆலோசகர் அறையில் ஒரு பெட்டி நிறைய இருக்கும், எல்லாம் ஒரே அளவில். யார் யாரைக் கேட்க வேண்டும், எந்தக் கடையில் கடன் பாக்கி, போன வருஷம் எது சொதப்பியது என்று இரண்டு பக்கம் எழுதிவைத்தால் அடுத்தவருக்கு ஓர் ஆண்டு மிச்சம். எழுதிவிடாதீர்கள். நீங்கள் பட்ட பாட்டை அவர் படாமல் தப்பிப்பது என்ன நியாயம்?

ஒரே ஒரு தேதியை மட்டும் மறக்கக் கூடாது. செமஸ்டர் தொடக்கத்தில் மாணவர் செயல்பாட்டு அலுவலகத்தில் சங்கத்தை மறுபதிவு செய்ய வேண்டும், படிவத்தில் ஆலோசகரின் கையெழுத்தும் வேண்டும். தவறினால் அறையும் கிடையாது, பீட்சாப் பணமும் கிடையாது.