சித்தப்பாவின் தீவில் ஓர் அமாவாசை

கொழும்பு 5 என்று தபாற்காரர்கள் குறிக்கும் ஹெவ்லொக் டவுனிலே குடியிருப்பவர்கள், தங்கள் பேட்டைக்குப் பெயர் தந்தவரைப் பற்றிச் சிந்திப்பது வெகு அபூர்வம். வீட்டு வாடகையைப் பற்றியும், மழை பெய்தால் வாய்க்கால் பெருகுவதைப் பற்றியும், பழைய வெள்ளவத்தை நூலாலை நின்ற நிலத்தில் எழும்பிய அடுக்குமாடிகள் மறித்துவிட்ட காற்றைப் பற்றியும் விசாரப்படுவதற்கே அவர்களுக்குப் பொழுது போதாது. ஆயினும் சர் ஆர்தர் எலிபாங்க் ஹெவ்லொக் என்ற அந்த மகானுபாவர் 1890 முதல் 1895 வரை இலங்கைத் தேசாதிபதியாக வீற்றிருந்து, 1892-இல் நெல்வரியை ஒழித்துக் குடியானவர்களின் வாழ்த்தைச் சம்பாதித்துக்கொண்டு, பின்னர் சென்னை ராஜதானிக்குக் கவர்னராகப் போனவர். அவருடைய தகப்பனாருக்கு ஹென்றி என்று ஒரு தம்பி உண்டு. 1857-ஆம் வருஷத்துக் கலகத்தின்போது லக்னோவை மீட்கச் சென்று, பகைவனுடைய குண்டுக்கெல்லாம் தப்பி, கடைசியில் சீதபேதிக்குத் தப்பாமல் அங்கேயே காலஞ்சென்ற படைத்தலைவர் அவர். அந்தமான் கடலிலே ஒரு தீவுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். ஆகவே முறை தப்பாமல் சொல்வதானால், நாங்கள் குடியிருப்பது மகன் பேரில். அந்தத் தீவு சித்தப்பா பேரில். 2018 டிசம்பரில் இந்திய அரசாங்கம் சித்தப்பாவுக்கு ஓய்வு கொடுத்துத் தீவுக்கு ஸ்வராஜ் த்வீப் என்று நாமகரணம் செய்துவிட்டது. மகன் மட்டும் கொழும்பில் இன்றுவரை பதவியில் நீடிக்கிறார்.

சித்தப்பா வீட்டுக்கு நான் போக நேர்ந்ததற்குக் காரணம், சென்னையில் உத்தியோகம் பார்க்கும் என் மருமகன். 2019 ஆகஸ்டில் ஓரிரவு, பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் அலைகள் நீலமாக ஒளிர்ந்து, நகரத்து ஜனங்களெல்லாம் கரைக்கு ஓடிச் சுண்டல் விலைக்கு அந்த அற்புதத்தைத் தரிசித்துக்கொண்டிருந்தபோது, கடலுக்கு நாலு தெரு தள்ளிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்த புண்ணியவான் அவன். அந்தக் குறை அவன் மனத்தை அரித்து அரித்து, ஈற்றில், விமானமும் கப்பலும் ஏறி அந்தமானுக்குப் போவது, அங்கே வழிகாட்டியின் துணையோடு கயாக் என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகிலே இராக்காலத்தில் கண்டற் காட்டுக்குள் நுழைந்து ஒளிரும் கடலைக் கண்டே தீர்வது, சாட்சிக்கு மாமாவையும் மாமியையும் அழைத்துப் போவது என்று ஒரு தீர்மானமாக முற்றிவிட்டது. "மாமா, நீங்கள் ஹெவ்லொக் ஆள்தானே, உங்களுக்கு அது ஊர் மாதிரி" என்று தொலைபேசியில் அவன் நியாயம் பேசினான். பிரயாணச் செலவு அவனுடையது என்றபடியால் நானும் அந்த நியாயத்தை மிக உயர்ந்ததாகவே கருதினேன்.

தேதி குறிப்பதில்தான் சங்கடம் முளைத்தது. இலங்கையிலே பூரணைதோறும் விடுமுறை. ஆகையால் ஒரு போயா தினத்தை ஒட்டிப் புறப்படுவதே எங்கள் வழக்கம். மருமகனோ பதறிப்போய், நிலா இருந்தால் கடலில் ஒன்றும் தெரியாது, அமாவாசைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். தகப்பனை இழந்த சைவன் அமாவாசையன்று செய்ய வேண்டியவை எவையெவை என்று பெரியோர்கள் திட்டமாக வகுத்திருக்கிறார்கள்; அந்த விதிகளில் படகோட்டம் எங்கும் காணப்படவில்லை. வெள்ளவத்தையில் ரயில் பாதைக்குக் கிட்ட வசிக்கும் என் மச்சாள், நான் அமாவாசையன்று சமுத்திரத்துக்குப் போகிறேன் என்று கேள்விப்பட்டதும், இத்தனை வயதில் எனக்குப் பக்தி வந்துவிட்டதாகப் பரவசமடைந்து, எள்ளும் தர்ப்பையும் ஒரு பையிலே கட்டிக் கொடுத்தனுப்பினார். அந்தத் தர்ப்பை எதற்கு என்பதைச் சென்னை விமான நிலையத்தில் ஓர் அதிகாரிக்கு நான் விளக்கிய விளக்கம் சமயப் பிரசங்கமாக விரிந்து, எனக்குப் பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விடும்வரைக்கும் நீண்டது.

இந்த யாத்திரையால் நான் தெளிந்துகொண்ட விஷயம், இருட்டு இப்போது விலை போகும் சரக்காகிவிட்டது என்பதே. வெள்ளவத்தைக் கடற்கரையில் நின்று பாருங்கள்: மரைன் டிரைவின் விளக்குகள், கடலோர ரயிலின் விளக்கு, சாப்பாட்டுக் கடைகளின் பச்சையும் சிவப்புமான பெயர்ப்பலகைகள், இவற்றுக்கிடையே கடலில் எந்த ஜீவன்தான் ஒளிர்ந்து என்ன பிரயோசனம்? 2022 மார்ச் மாதக் கடைசியில் மின்சார சபையார் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரத்தை நிறுத்தி வைத்தபோது, ஹெவ்லொக் டவுன் முழுவதற்கும் பரிசுத்தமான, கலப்படமற்ற இருட்டு இலவசமாக விநியோகிக்கப்பட்டது. நாங்களோ அதன் அருமையை அறியாமல், மாடத்திலே நின்று அரசாங்கத்தை ஏசிக்கொண்டிருந்தோம். அந்நாட்களில் யாராவது ஒரு புத்திசாலி வெள்ளவத்தையில் கயாக் விட்டுக் கட்டணம் அறவிட்டிருக்கலாம். பெட்ரோலுக்கு வரிசையில் நிற்க வேண்டாத தொழில் என்ற ஒன்றுக்காகவே அந்த வருஷத்தில் அது அமோகமாக நடந்திருக்கும். அதே சரக்கைத்தான் பிற்பாடு நாங்கள் தலைக்கு இவ்வளவு என்று இந்திய ரூபாயில் கொடுத்து, ரசீதும் பெற்றுக்கொண்டு வாங்கினோம்.

தீவைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. போர்ட் பிளேயருக்கும் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருந்தபடியால், எங்கே இறங்கி எங்கே போகிறோம் என்பதை மனைவிக்கு நான் இரண்டு பெயர்களாலும் சொல்ல வேண்டியிருந்தது. தேசப் பிரிவினைக்குப் பின் குடியேற்றப்பட்ட வங்காளிகளின் கிராமங்களுக்கு அங்கே இலக்கங்கள் உண்டு. 2004-இல் டைம் சஞ்சிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று மெச்சிய ராதாநகரும் ஏழாம் நம்பர் என்றே வழங்குகிறது. கடலில் நீந்திப் புகழ்பெற்ற ராஜன் என்ற யானை 2016-இலேயே காலமாகிவிட்டதால் அதைத் தரிசிக்கும் பாக்கியம் கிட்டவில்லை. அந்தமானில் கடிகாரம் நம்முடையது, சூரியன் பர்மாவினுடையது. குளிர்காலத்தில் ஐந்து மணி சொச்சத்துக்கெல்லாம் அஸ்தமித்து, தேநீர் குடித்து முடிப்பதற்குள் கும்மிருட்டாகிவிடும். இருட்டு வியாபாரத்துக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

படகேறுமுன் ஒரு பத்திரத்தில் கையொப்பம் வாங்கினார்கள். அரசாங்கக் கணக்காய்வுப் பகுதியில் உழைத்து ஓய்வு பெற்றவனாதலால், எதையும் வாசிக்காமல் ஒப்பமிடும் பழக்கம் எனக்கில்லை. நான் மூழ்கினாலும், மோதினாலும், கடல்வாழ் பிராணி எதனாலும் பாதிக்கப்பட்டாலும், அதற்கு என்னையல்லாமல் வேறெவரும் பொறுப்பல்லர் என்று அதில் கண்டிருந்தது. இறந்தபின் வழக்குத் தொடுக்க மாட்டேன் என்று உறுதிமொழி கொடுத்து, அந்த உறுதிமொழியைக் காப்பாற்றவும் கூடியவன் நான் ஒருவனே என்ற பெருமிதத்தோடு ஒப்பமிட்டேன். கடல்வாழ் பிராணி என்றால் எது என்று வழிகாட்டியைக் கேட்டேன். போர்ட் பிளேயர்த் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையாகிய அவன், "முதலை இருக்கு அங்கிள், ஆனா இந்தப் பக்கம் வராது" என்றான். அந்த ஏற்பாடு முதலைக்கும் தெரியுமா என்று என் மனைவி கேட்டதற்கு அவன் சிரித்தானே ஒழிய, பதில் சொல்லவில்லை.

இருவர் படகிலே பாரமானவர் பின்னுக்கும் மற்றவர் முன்னுக்கும் அமர வேண்டுமாம். முன்னவர் வலிப்பதற்கு ஒத்துப் பின்னவர் வலிக்க வேண்டும்; திசை திருப்புவது பின்னவர் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் இத்தனை காலம் இருந்து வந்த அதிகாரப் பகிர்வை ஒரு பிளாஸ்டிக் படகு இப்படித் தலைகீழாக்கும் என்று இருவருமே எதிர்பார்க்கவில்லை. முதல் கால் மணி நேரம் நாங்கள் புறப்பட்ட கரையையே வெவ்வேறு கோணங்களிலிருந்து தரிசித்தோம். இருமுனைத் துடுப்பின் ஒரு முனையைத் தூக்கும்போது அதிலிருந்து வழியும் நீர் தண்டு வழியே இறங்கி, கைக்குள் புகுந்து, முழங்கையில் சற்றுத் தங்கி இளைப்பாறிவிட்டு, அக்குளுக்குப் போய்ச் சேரும் என்பதை எந்த விளம்பரத்திலும் நான் வாசிக்கவில்லை.

கண்டல் மரங்கள் இருபுறமும் நெருங்கிய ஓர் ஓடையில் வழிகாட்டி எங்களை நிறுத்தி, எல்லா விளக்குகளையும் அணைக்கச் சொன்னான். கண்ணுக்கு இருட்டுப் பார்வை முழுவதும் வர அரைமணி நேரம் பிடிக்கும். அதற்கிடையில் ஒருமுறை கைத்தொலைபேசித் திரையைப் பார்த்தாலும் கணக்கை ஆதியிலிருந்து தொடங்க வேண்டும். அந்த இருட்டுப் பார்வையைச் சிவப்பு வெளிச்சம் அதிகம் கெடுப்பதில்லை என்பதால் அவன் நெற்றியில் மட்டும் ஒரு சிறு சிவப்பு விளக்கு. எங்களோடு வந்த புதுமணத் தம்பதி, ஐந்து நிமிஷத்துக்கொரு தரம் தொலைபேசியைத் திறந்து, தாங்கள் இருட்டில் இருப்பதை வெளிச்சம் போட்டுப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் எங்கள் எல்லாருடைய கண்களும் பால பாடத்துக்குத் திரும்பின.

அந்த ஓய்வில் நான் துடுப்பின் ஒரு முனையை நீரில் நாட்டி, மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டேன். பழக்க தோஷம். சிறுவயதில், மட்டக்களப்புக் கச்சேரியில் வேலை பார்த்த என் பெரியப்பா, ஒரு பூரணை இரவில் எங்களைத் தோணியில் ஏற்றிக் கல்லடிப் பாலத்தடிக்குக் கொண்டுபோய், பாடும் மீனைக் கேட்பதற்கு இப்படித்தான் சொல்லித் தந்தார். மீன் பாடும் தேனாடு என்று அந்தப் பகுதிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த அந்தச் சங்கீதத்தை, 1848 செப்டம்பரில் காலனிச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் துரையும் நிலவிலே படகேறிப் போய்க் கேட்டு, மதுக்கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தேய்த்தால் எழும் நாதத்துக்கு ஒப்பிட்டு எழுதி வைத்திருக்கிறார். மீனவர்கள் அவருக்கு மீனைக் காட்டவில்லை, ஊரி என்னும் நத்தை வகையைத்தான் காட்டினார்கள். பாடுவது மீனா ஊரியா என்ற விவகாரம் அன்று தொடங்கி நடக்கிறது. படகின் பலகையில் காதை வைத்தால் ஒலி பெருகிக் கேட்டதாகவும் துரை சொல்கிறார். என் பெரியப்பா துடுப்பைக் காதில் வைத்து, "கேக்குது, கேக்குது" என்று கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு வந்தது தோணிக்காரரின் இருமல் மட்டுமே. ஆனாலும் பத்திரமில்லை, ரசீதில்லை, கட்டணம் ஒரு சுருட்டு. யோசித்துப் பார்த்தால், பாடும் மீன் தாய்க்குரிய பூரணையையும், ஒளிரும் உயிர் தந்தைக்குரிய அமாவாசையையும் தவறாமல் அனுஷ்டிக்கின்றன. சைவாசாரத்தில் அவை எங்கள் குடும்பத்தைவிட மேல்.

"இஞ்சருங்கோ, என்ன செய்யிறியள்?" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. வழிகாட்டியும் பதறி, "அங்கிள், காதுல தண்ணி போயிடுச்சா?" என்று சிவப்பு விளக்கோடு நெருங்கினான். மட்டக்களப்பு வாவியின் பெருமையை அந்தப் பிள்ளைக்கு நான் விளக்கத் தொடங்கியபோதுதான் அது நடந்தது. காதிலிருந்து எடுத்த துடுப்பு நீரில் பட்டதும், பட்ட இடம் நீலமாகப் பற்றிக்கொண்டது.

அப்புறம் சற்று நேரம் எங்களிடையே பேச்சில்லை, அதுவே எங்கள் வீட்டார் நம்பாத அற்புதம். துடுப்பு இறங்கிய இடத்தில் ஒரு சுழி ஒளிர்ந்து அணைந்தது. கையை விட்டு அளைந்தபோது ஐந்து விரலுக்கும் ஐந்து தனித்தனிக் கோடு ஓடிற்று. வெளியே எடுத்த கையில், மணிக்கட்டு ரோமத்திலே ஒன்றிரண்டு பொறிகள் ஒட்டியிருந்து, நான் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதற்குள் அவிந்தன. படகுக்கடியில் ஏதோ ஒரு மீன் வெருண்டு ஓட, அது ஓடிய வழி முழுவதும் மெல்லிய நீலக் கீற்றாக நீண்டது. என் மனைவி அந்தக் கீற்றின் நீளத்தையும் ஒடுக்கத்தையும் ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, "உது முரல், பொரிச்சா நல்லாயிருக்கும்" என்றார்.

இதன் சூத்திரம் கேட்பதற்குச் சாதாரணம். டைனோபிளாஜலேட் என்னும் ஓரணு உயிர்கள், தம்மைச் சுற்றியுள்ள நீர் கலங்கினால், லூசிபெரின் என்ற பொருளை லூசிபெரேஸ் என்ற நொதியின் உதவியால் ஒட்சிசனோடு சேர்த்து, சூடே இல்லாத ஒளியாக, ஒரு விநாடியின் பத்திலொரு பங்கு நேரம் மின்னுகின்றன. ரபேல் டுபுவா என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1880-களிலேயே இந்த இரட்டையரைப் பிரித்தறிந்தார். எதற்காக மின்ன வேண்டும் என்பதற்கு விஞ்ஞானிகள் சொல்லும் காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது: வெள்ளவத்தைத் தொடர்மாடியிலே கள்ளன் புகுந்தால், வீட்டுக்காரர் அவனோடு மல்லுக்கு நிற்காமல் எல்லா விளக்கையும் போட்டுவிட்டுக் கூக்குரலிடுவதைப்போல, தன்னைத் தின்ன வரும் சிற்றிறால் இனத்தை, அதைத் தின்னக்கூடிய பெரிய மீனுக்கு இந்த உயிர் வெளிச்சம் போட்டுக் காட்டிக் கொடுக்கிறதாம். அப்படியானால் அந்த ஓடையில் அன்றிரவு கோடானுகோடி ஜீவன்கள் கூக்குரலிட்டது எங்களைப் பார்த்து; நாங்கள் அதைக் கட்டணம் கட்டி ரசித்தோம்.

இந்த வியாபாரத்தில் உலகத்தில் பேர்போன கடை, புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த வியேகஸ் தீவின் மொஸ்கிட்டோ குடா. உலகிலேயே அதிக ஒளியுடையது என்று கின்னஸ் சாதனை ஏட்டில் ஏறியது. நீரைக் கெடுக்கிறார்கள் என்று அங்கே நீந்துவதைத் தடுத்திருக்கிறார்கள். 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி வந்து தீவின் மின்கம்பங்களையெல்லாம் சாய்த்தது. அரிய இருட்டு மாதக்கணக்கில் கிடைத்ததே, குடா ஜொலித்திருக்கும் என்றுதானே நினைப்போம்? குடாவும் சேர்ந்து அணைந்துபோய், பல மாதம் கழித்தே மெல்ல மெல்லத் திரும்பிற்று. அங்கே மின்சார சபையும் கடலும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கின்றன போலும்.

கொழும்புக்குத் திரும்பியதும் மச்சாள் பார்க்க வந்தார். எள்ளும் தர்ப்பையும் என்னவாயிற்று என்று கேட்பதற்கு முன்னதாக, மருமகன் எடுத்து அனுப்பிய படங்களைக் காட்டுவதே உசிதம் என்று தோன்றிற்று. அவன் தன் கைத்தொலைபேசியால் அந்த நீலத்தைப் பிடிக்க எவ்வளவோ பிரயத்தனப்பட்டிருந்தான். மச்சாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தொலைபேசியைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, ஒவ்வொரு படமாக மிகுந்த சிரத்தையோடு தள்ளிப் பார்த்தார். எல்லாம் ஒரே கறுப்பு. ஒன்றில் மட்டும் ஒரு மூலையில் சிவப்பாக ஏதோ இருந்தது. அது வழிகாட்டியின் நெற்றி. நாலாவது படத்தில் நிறுத்தி, தொலைபேசியை ஒருமுறை தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, முழு மரியாதையோடு கேட்டார்:

"அத்தான், இதிலை எது மேல் பக்கம்?"